கை தெரியுது

அப்பாவின் வீடியோ எதிலும் என் கை கிடையாது. தவறிப்போய் எங்கேயாவது விழுந்திருந்தால், அன்று சாயங்காலமே போனைத் தடவிக்கொண்டே, "பூனை, உன் கையை வெட்டிட்டேன்" என்பார். அது அவருக்கு ஒரு ஜோக். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். பூனை என்பது நான். நடந்தால் சத்தம் வராது, நாலு பேர் முன்னால் வாய் திறக்காது என்பதால் அவர் வைத்த பெயர்.

அப்பா வீடியோவில் சரிபண்ணிக் காட்ட வாங்கிய பழைய கார் எங்கள் வீட்டுக் கராஜுக்கு வந்தபோது ஓடும் நிலையில் இல்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். உருண்டைக் கண்கள், ஒரு பக்கம் தொங்கிப்போன பம்பர், தான் என்ன நிறமாக இருந்தோம் என்று தனக்கே மறந்துபோன உடம்பு. அப்பா அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தார். கதவைத் திறந்ததும் மகாராணியின் வயிற்றிலிருந்து கிளம்பிய நாற்றத்தில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, செத்த வாடை?"

"பழைய லெதர் வாடை. உனக்கு என்ன தெரியும்?"

லெதர் இல்லை, எலி. பின்சீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. பஞ்சும் காகிதமும் மூத்திரமும் சேர்ந்து மஞ்சள் கட்டியாக இறுகிக் கிடந்தன. நடுவில் காய்ந்துபோன குட்டிகள், சருகு மாதிரி. அப்பா முகமூடி மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் போனை நிறுத்தி, ஒரே ஒரு பிடி அள்ளிக் காட்டினார். "நண்பர்களே, தனி ஆளா இந்த வேலையில இறங்கியிருக்கேன். இதுக்கெல்லாம் அருவருப்புப் பட்டா ஆகாது." சொல்லி முடித்துப் போனை அணைத்த கையோடு, குமட்டுகிறது என்று வீட்டுக்குள் போனார். போகிற போக்கில் என்னிடம், "சும்மாதானே இருக்கே, மீதியைக் கொஞ்சம் வாரிப் போட்டுடு" என்றார்.

மீதி ரெண்டு சாக்கு வந்தது. சில குட்டிகள் நான் நினைத்த அளவுக்குக் காய்ந்திருக்கவில்லை.

சும்மாதானே இருக்கே. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து இந்த வார்த்தை எங்கள் வீட்டில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் அடைத்தது திறக்கவே இல்லை, மற்றவர்கள் சிரித்த சிரிப்பும் அடங்கவில்லை. அடுத்த நாள் நான் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நாளில் கார் வந்துவிட்டது.

அதற்கப்புறம் என் கைக்கு ஓய்வில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு போவது என் கை. அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது டார்ச்சைப் பிடிப்பது என் கை. துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பதும் அதுதான். ஊறப்போட்ட பாத்திரம் அம்மா மாவு பிசைகிற பேசின். அப்பா கேட்காமல் எடுத்துப் போயிருந்தார்.

"கழுவிக் குடுத்துடறேன்" என்றார்.

"வேண்டாம். உங்க மகாராணிக்கே சீதனமா வச்சுக்கோங்க."

கறுத்த விரல்களோடு அப்படியே சாப்பிட உட்காருவார். பைப்பில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சி, வாயில் வந்ததைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்புவார். கிரீஸைத் துடைத்த துணியைச் சாப்பாட்டு மேஜையில் போடுவார். கேமராவில் வரும்போது மட்டும் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. அதைத் துவைத்து இஸ்திரி போட்டது அம்மா. 

பேசிக்கொண்டே கையை நீட்டுவார், நான் ஸ்பேனரை வைக்க வேண்டும். வைத்த உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தாமதித்தால், "கை! கை தெரியுது!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். ஸ்பேனர் தானாகப் பறந்து வந்து அவர் கையில் உட்கார்ந்த மாதிரி வீடியோவில் தெரியும். பார்க்கிறவர்கள் யாரும் அது எப்படி என்று கேட்கவில்லை.

அவர்கள் வீடியோவுக்குக் கீழே எழுதுவதை அப்பா சாப்பிடும்போது சத்தமாக வாசிப்பார்.

"'ஐயா, ஒத்தை ஆளா நீங்க ஒரு சிங்கம்.' கேட்டியா?"

"சிங்கத்துக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போடட்டுமா?" என்பாள் அம்மா.

"'உங்களோட தனிமையும் உழைப்பும் கண்ணுல தண்ணி வரவழைக்குது.'"

"எனக்கும்தான் வருது. அந்தப் பெயிண்ட் நெடி."

அம்மாவுக்கு இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தனியா, தனியா என்று அவர் சொல்லும்போதெல்லாம் சோற்றில் முடி கிடந்த மாதிரி இருக்கும்.

டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே தகடு துருவில் அரித்துப் போய், கை நுழைகிற ஓட்டை இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வீடியோவில் அப்படித்தான் சொன்னார். வெல்டிங் கண்ணாடியைக்கூட மாட்டிக் காட்டினார். நான் காலையில் கராஜைப் பெருக்கப் போனபோது ஓட்டைக்குள் துணியைத் திணித்து அதன்மேல் பட்டி பூசிக்கொண்டிருந்தார். பட்டி என்பது ஓட்டை உடைசலை மறைக்கிற மாவு. காய்ந்தபின் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் தகடும் அதுவும் ஒன்றுபோல இருக்கும், தட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த மாவின் மேல் விளிம்பில் நீலக் காலர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

என் யூனிஃபார்ம் சட்டை. அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்தது.

"அப்பா, அது..."

"சும்மாதானே கிடந்துது" என்றார், காலரை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே.

தள்ளிய இடத்தில் இன்னும் ஒரு கட்டி பட்டி வைத்து மழுப்பினார். அதில் உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கியது நான்தான். தேய்க்கும்போது பறந்த தூள் பல்லிலெல்லாம் நறநறத்தது. எத்தனை முறை கொப்பளித்தும் போகவில்லை.

வண்டி ஒருவழியாக நிறம் பிடித்தது. எஞ்சின் இருமி இருமிக் கடைசியில் ஓடியது. பிரேக்தான் பாக்கி.

பிரேக் வேலையில் ஏமாற்ற முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. எண்ணெய் ஓடுகிற குழாயில் காற்று சிக்கியிருந்தால் பிரேக் மிதி பஞ்சில் கால் வைத்த மாதிரி இறங்கிவிடும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்த வேண்டும். குமிழியும் எண்ணெயுமாகப் பீறி வரும். திருகாணியை இறுக்கினபின்தான் மிதியை விடலாம். முந்திக்கொண்டு விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

முதல் சக்கரத்தை அப்படித்தான் செய்தோம். அப்பா கீழே, நான் உள்ளே.

"மிதி."

மிதித்தேன்.

"பிடி... பிடி... விடு."

விட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பஞ்சாக இருந்த மிதி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வருவது என் பாதத்துக்குத் தெரிந்தது. அவரைவிட எனக்குத்தான் அது தெரிந்தது, கால் என்னுடையது. பிறகு எழுந்து போய்ப் போனைப் பார்த்த அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"உன் கால் தெரியுது."

"வெட்டிடுங்கப்பா."

"முழுக்கத் தெரியுது. எப்படி வெட்டறது? இறங்கு."

மற்ற சக்கரங்களுக்கு என் காலுக்குப் பதிலாக ஒரு விளக்குமாற்றுக் கட்டை வந்தது. மிதியை அழுத்தி, சீட்டுக்கும் மிதிக்கும் நடுவில் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்து, "தனி ஆளா இருக்கறவங்களுக்கு இது ஒரு டெக்னிக், நண்பர்களே" என்றார். பிறகு போய்க் கீழே படுத்தார். திருகாணி தளர்ந்ததும் மிதி இறங்கும். இறங்கினால் கட்டைக்குப் பிடிமானம் ஏது? டொக்கென்று விழுந்தது. மிதி மேலே வந்தது. குழாய் காற்றை உறிஞ்சுகிற சத்தம், சளியை உள்ளே இழுக்கிற சத்தம் மாதிரி, எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பா அதற்கப்புறம்தான் திருகாணியை இறுக்கினார். எல்லாச் சக்கரத்திலும் அதே டொக். வீடியோவில் டொக்கை வெட்டிவிட்டார்.

அவர் குளிக்கப் போனதும் நான் உள்ளே ஏறி மிதித்துப் பார்த்தேன். தரைவரை போனது. ரெண்டு மூன்று தடவை அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்து நின்றது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தால், திரும்பவும் தரை.

"அப்பா, முதல் மிதி கீழ வரைக்கும் போகுது."

"ரெண்டு மிதி மிதிச்சா வருதில்ல? பழைய வண்டி அப்படித்தான்."

"ஹேண்ட்பிரேக்குக்கு கேபிளே இன்னும் மாட்டலையேப்பா. நான் மிதிக்கறேன், இன்னொரு தடவை காத்து எடுத்துடலாம்."

"நீ எனக்குக் கத்துக்குடுக்கறியா? பள்ளிக்கூடத்துலயே வாயைத் திறந்து வாசிக்க வராதவ."

அதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காது குடைந்துகொண்டே சொன்னார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியின் முதல் ஓட்டம் என்று அறிவித்துவிட்டார். பழைய வண்டிச் சங்கத்துத் தலைவர் வருகிறார், நேரலையில் காட்டப்போகிறார்கள், மகாராணி கராஜிலிருந்து இறங்கித் தெருவைச் சுற்றி வருவாள். பக்கத்து சீட்டில் அம்மா.

"நான் எதுக்கு?" என்றாள் அம்மா.

"குடும்பம் மாதிரி இருக்கும்."

எங்கள் கராஜிலிருந்து கேட் வரை நல்ல சரிவு. கேட்டுக்கு அந்தப் பக்கம் தெரு. தெருவைத் தாண்டினால் மூடியில்லாத சாக்கடை. சனிக்கிழமை முழுக்க எனக்கு அந்தச் சரிவைத் தவிர வேறு நினைப்பில்லை. அப்பா எங்கேயாவது போய் முட்டட்டும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு அவர்மேல் கசப்பு இருந்தது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் பக்கத்து சீட்டில் அம்மா. அந்த வண்டியில் பெல்ட் கிடையாது. முகத்துக்கு நேரே தகரப் பலகை, அதற்குமேல் கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, சமையலறையில் நின்றபடியே பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"அம்மா, நீ ஏறாதே."

"ஏன்டி? உங்கப்பா என்னைக் கட்டிக்கிட்டபோதுகூட இவ்வளவு பாலிஷ் போட்டதில்லை. ஒரு தடவை உட்கார்ந்துதான் பாக்கறேனே."

"பிரேக் சரியில்லை. முதல் மிதி பிடிக்கலை."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"ரெண்டு தடவை சொல்லிட்டேன். கட்டையை வச்சுக் காத்து எடுத்தார்ம்மா. காத்து போகவே இல்லை."

அம்மா பவுடர் டப்பாவை மூடினாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைத் தூக்கி, நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்தாள். 

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கத்து ஆட்கள் சிலர், எதிர்வீட்டு டெய்லர் அக்கா, அக்கம்பக்கம். சங்கத் தலைவர் பெரிய தொப்பி வைத்திருந்தார். அப்பாவின் போனை அவரே வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இந்தக் காலத்துல ஒரு மனுஷன், தன் வீட்டுக் கராஜுல, யார் உதவியும் இல்லாம..."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக நின்றார். அந்த அடக்கத்தைப் பார்க்க முடியாமல் நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன். அதையும் நேற்று நான்தான் துடைத்தேன்.

தலைவர் கார் பக்கம் திரும்பியதும் அப்பா என் அருகில் வந்தார். "நீ கேட் பக்கத்துல நின்னு தெருவுல யாரும் குறுக்க வராம பாத்துக்க. ஃப்ரேம்ல நிக்காதே."

"அப்பா, மூணு தடவை மிதிச்சுட்டு எடுங்க. சரிவுல இறங்கறதுக்கு முன்னாடியே மிதிங்க."

கொஞ்சம்தான் சத்தம் வந்தது. ஆனாலும் தலைவருக்குக் கேட்டுவிட்டது. "பாப்பா என்ன சொல்லுது?"

"பயந்தாங்கொள்ளி சார். எலியைப் பார்த்தாலே ஓடிடும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா கதவைத் திறந்து ஏறினார். எஞ்சின் ஓடியது. அந்தப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, கேமராவுக்கும் கேட்கிற மாதிரி, "வாம்மா, ஏறு" என்றார். என் நினைவில் அவர் அம்மாவை அம்மா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா நகரவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்தபடி சிரித்தாள்.

"நான் எதுக்குங்க? நீங்க தனியா செஞ்ச வண்டி. முதல் சவாரியும் தனியாவே போயிட்டு வாங்க. நான் ஏறினா, கூட ஆள் இருந்த மாதிரி தெரியும்."

 அப்பா வாயைத் திறப்பதற்குள் தலைவர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். "ஆகா! எப்பேர்ப்பட்ட மனைவி பாருங்க! அவரோட உழைப்புக்குக் குடுக்கற மரியாதை!" எல்லோரும் தட்டினார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தெருவில் இறங்கி ரெண்டு பக்கமும் பார்த்தேன். சைக்கிளில் வந்த ஒருவரைக் கை காட்டி நிறுத்தினேன். சாக்கடையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டெய்லர் அக்காவிடம், "அக்கா, இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றேன்.

"ஏன், படத்துல விழுந்துடுவேனா?"

"வந்துடுங்கக்கா."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, வந்துவிட்டார்.

மகாராணி அசைந்தாள். வெயிலில் அந்தப் பெயிண்ட் நிஜமாகவே பளபளத்தது. அப்பா ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தார். சரிவு தொடங்கியது. நான் அவருடைய முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்று தடவை ஏறி இறங்கவில்லை. ஒரே தடவை இறங்கியது, தரைவரை. ஆட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது.

வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஓடிப்போய் எட்டிப்பிடித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ரொம்ப மரியாதையாகத் தலையைக் குனிந்து, மகாராணி முன்சக்கரங்களைச் சாக்கடைக்குள் இறக்கினாள். டம்மென்று ஒரு சத்தம். ஹாரன் தானாக அலறி, பிறகு அதுவும் மூச்சை விட்டது. பிளாஸ்டிக் பையும் முட்டை ஓடும் மிதக்கிற கறுப்பு நீர் ரெண்டு பக்கமும் வழிந்து தெருவில் ஏறியது. நாற்றம் எழுந்து வந்து எல்லோரையும் ஓரடி பின்னால் தள்ளியது.

"ஏங்க! அடிபட்டுச்சா?" என்று அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல!"

உண்மையாகவே ஒன்றும் இல்லை. மூக்கில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். வைத்த இடம் சாக்கடை. முழங்கால்வரை இறங்கியது. பேண்ட்டின் இஸ்திரி மடிப்பு வரிசையாகக் கறுத்துக்கொண்டே மேலே ஏறுவதைப் பார்த்தேன். இன்னொரு காலையும் எடுத்து வைத்தார், அதுவும் உள்ளே போனது. கதவுக்குக் கீழே பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. அந்த ஓட்டையிலிருந்து ஒரு நீலத் துணி வெளியே சரிந்து, ஒரு கைப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொட்டுத் தொங்கியது.

"அது என்ன சார் உள்ளே? துணியா?" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர்.

 அப்பா கரையைப் பிடித்து ஏறப் பார்த்தார். பாசி வழுக்கியது. மறுபடி பார்த்தார், மறுபடி வழுக்கி உட்கார்ந்தே போனார். தலையை நிமிர்த்தி எங்களைத் தேடினார். தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பூனை! என்ன வேடிக்கை? கையைக் குடு!"

அவருடைய கை என் முன்னால் நீண்டிருந்தது. விரல்களில் என்னவோ வழவழப்பாக ஒட்டியிருந்தது. நான் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். ரெண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கை தெரியும்ப்பா" என்றேன்.

தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

கடைசியில் தலைவர்தான் போனைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்குக் கை கொடுத்தார், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு.